சீராக வந்த மெத்தை

மெத்தையைப் பார்க்காமல் மூச்சிரைப்புக்காரரைப் பார்த்துவிட்டதாகச் சொல்லாதீர்கள் என்பார் எங்கள் டாக்டர் ரங்கநாயகி. செங்கல்பட்டில் அவர் நடத்திய அலர்ஜி கிளினிக்கில் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதியை நர்ஸாகக் கழித்துவிட்டு, போன தை மாதம் வீட்டில் வந்து உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகும் விடுகிறார்களா? என் இடத்துக்கு வந்திருக்கும் நிர்மலா போன வாரம் போனில் கூப்பிட்டாள். இப்போது யாரும் வீடு வீடாகப் போவதில்லையாம். நோயாளியே தன் படுக்கையறையை வீடியோ எடுத்து அனுப்புகிறார், இவர்கள் அதைப் பார்த்து யோசனை சொல்கிறார்கள். வீடியோவில் எல்லா வீடும் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் இருமல் மட்டும் குறையவில்லை, நீங்கள் நேரில் போனால் எதைப் பார்ப்பீர்கள் அக்கா என்று கேட்டாள். மெத்தையின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் மனசு கேட்கவில்லை. அழுத்திப் பார்ப்பது சுலபம். பார்த்ததைச் சொல்வதுதான் வேலை. அதை எழுதித்தான் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

நர்ஸிங் படித்து முடித்த கையோடு ஒரு நர்ஸிங் ஹோமில் சில வருஷம் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்குகிறவர் வந்தால் மூக்கில் புகை மருந்து வைப்பது, தணிந்ததும் வீட்டுக்கு அனுப்புவது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவர் எந்த வீட்டுக்குப் போகிறார், அங்கே எதில் படுக்கிறார் என்று யோசித்ததே இல்லை. டாக்டர் ரங்கநாயகியிடம் வந்த பிறகுதான் அந்தக் கேள்வியே என் காதில் விழுந்தது.

அவர் நோயாளியிடம் "என்ன செய்கிறது?" என்று ஆரம்பிக்க மாட்டார். "எதுல படுக்கறே?" என்பார். கல்யாண வயதுப் பெண்கள் திகைத்துப் போவார்கள். பெரியவர்கள் சிலருக்குக் கோபமே வரும். அவர் சட்டை செய்வதில்லை. தலையணை எத்தனை வருஷப் பழசு, போர்வையை எப்போது துவைத்தது, வீடு கூட்டும்போது நீ எங்கே நிற்பாய் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே எழுதுவார். எழுதும் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். கிளினிக்கில் நாங்கள் யாரும் தலையில் மல்லிகை வைத்துக்கொள்ளக் கூடாது, சென்ட் கூடாது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் முணுமுணுப்பார்கள். எனக்கும் முதலில் பற்றிக்கொண்டுதான் வந்தது. பிறகு பழகிவிட்டது.

சோதனை எளிமையானது. முன்கையைச் சுத்தம் செய்து, பேனாவால் அடையாளம் போட்டு, ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு சொட்டு மருந்து வைப்போம். ஒன்று வெறும் உப்புநீர், அது தடிக்கக் கூடாது. ஒன்று கட்டாயம் தடிக்க வேண்டிய மருந்து. மற்றவை தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சை, பூனை முடி என்று போகும். சொட்டின் நடுவில் ரத்தம் வராமல் ஒரு குத்து. கால் மணி நேரம் சொறியாமல் உட்கார வேண்டும். அதுதான் பெரிய தண்டனை. பிறகு தடிப்பை ஸ்கேல் வைத்து அளப்பேன். எங்கள் பக்கத்தில் அதிகம் தடிப்பது தூசிப்பூச்சிதான். டஸ்ட் மைட் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்செதிலைத் தின்றுகொண்டு மெத்தையிலும் தலையணையிலும் குடும்பம் நடத்தும். அதற்கு வேண்டியது ஈரக் காற்று. அதன் எச்சம் மூக்குக்குள் போனால்தான் சிலருக்கு இழுப்பு.

தடித்தவர்களின் வீட்டுக்கு நான் போவேன். அதற்கும் டாக்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அறையைப் பார்ப்பதற்கு முன் அந்த வீட்டில் காபி குடிக்கக் கூடாது. "குடிச்சுட்டா அப்புறம் குறை சொல்ல வாய் வராது கஸ்தூரி" என்பார். முதலில் வாசற்படியில் நின்று மூக்கால் பார்க்க வேண்டும். அடுத்து ஜன்னல் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம். தலையணை உறைக்குள் கை. பீரோவின் தலைமேல் ஒரு விரல். சொல்ல வேண்டியதும் அதிகமில்லை. விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூட்டு நீரில் துவைக்க வேண்டும். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அந்த நேரத்தில் நோயாளி வெளியே இருக்க வேண்டும். மெத்தைக்கு நெருக்க நெசவு உறை போட்டு ஜிப் இழுத்து மூட வேண்டும். வேண்டாத துணிமணியை அறையை விட்டு அனுப்ப வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தூசி நர்சம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. கோவளத்தில் பஸ் இறங்கினால் டீக்கடைக்காரர், "தூசி வந்துகினு கீதுப்பா" என்று உள்ளே குரல் கொடுப்பார்.

கூடுவாஞ்சேரியில் ஓர் அடுக்குமாடி வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை, பையனுக்கு ஓயாத தும்மல். கட்டில் நிறையப் பஞ்சுப் பொம்மைகள். ஒன்றையாவது விட்டுவை என்று பையன் அழுததால், அவனுக்குப் பிடித்த கரடியைப் பையில் கட்டி ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு வெந்நீரில் அலசச் சொன்னேன். கரடிக்குக் குளிருமே என்று அவன் தன் சாக்ஸை மாட்டி உள்ளே வைத்திருக்கிறான். ஐஸ் எடுக்க வந்த அவன் பாட்டி கதவைத் திறந்து அலறியதை அடுத்த முறை போனபோது அவர்களே சொல்லிச் சிரித்தார்கள். தும்மலும் குறைந்திருந்தது. இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய வீடுகள்தான் அதிகம்.

பவித்ராவின் வீடு அப்படியில்லை.

திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமத்துப் பெண் அவள். அப்பா ஏழுமலை விவசாயி. மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டும் லோகுவுக்கு வைகாசியில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். மாமியார் கன்னியம்மா புருஷனை இழந்தவர், ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கியவர். வீடு கடலுக்கு மிக அருகில். அலைச்சத்தம் கேட்கும்.

அந்த மாமியார்தான் ஆவணி மாதம் பவித்ராவைக் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். அழைத்து வந்தார் என்பதைவிட, கையோடு பிடித்துக்கொண்டு வந்தார் என்பது சரி. பெண் உட்காருவதற்குள் அவரே வழக்கை எடுத்து வைத்துவிட்டார்.

"கல்யாணம் ஆயி வந்த கொஞ்ச நாள்லயே இஸ்து இஸ்து வாங்குது டாக்டரம்மா. ஆடிக்கு அப்பன் வூட்டுக்குப் போனா. மாசம் பூரா ஒரு இருமல் கெடையாது. திரும்பி வந்து கால வச்சா, மறுபடியும் புடிச்சிகிச்சு. இன்னா அர்த்தம் இதுக்கு? ஒண்ணு, நோவ மறச்சிக் குடுத்துட்டாங்க. இல்லன்னா இவளுக்கு எங்க வூடு புடிக்கல."

பவித்ரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிடுவது என்று முடிவாகியிருப்பதாகவும், பெண்ணை அப்பன் வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது என்று சொந்தக்காரர்கள் சொல்வதாகவும் கன்னியம்மா சொன்னார். லோகு வாசலில் வேனைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவே இல்லை. எனக்கு அவன்மேல்தான் கோபம் வந்தது.

டாக்டர் அத்தனையையும் கேட்டுக்கொண்டார். பிறகு பெண்ணிடம் அப்பா வீட்டில் எதில் படுப்பாய் என்று கேட்டார். பாயில் என்றாள். பிறந்ததிலிருந்தேவா? ஆமாம். மாமியார் வீட்டில்? அவள் மாமியாரைப் பார்த்தாள். கன்னியம்மா முந்திக்கொண்டு, மெத்தையில்தான், நாங்கள் ஒன்றும் தரையில் போடவில்லை என்றார். டாக்டர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

இழுப்பு தணிய மருந்து கொடுத்து, அலர்ஜி மாத்திரைகளைச் சில நாள் நிறுத்தச் சொல்லி, மறுபடி வரவழைத்துச் சோதனை செய்தோம். தூசிப்பூச்சி வைத்த இடம் கொழுக்கட்டைபோல் எழும்பியது. உண்மையான நோய்தான், நடிப்பில்லை என்று டாக்டர் சொன்னபோது கன்னியம்மா கையைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. பயந்திருந்தார்.

அந்த வாரமே மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அறை வாசலிலேயே ஈரம் மக்கிய வாடை அடித்தது. கடல் பக்கம் ஒரே ஜன்னல். அதை இறுக்கிச் சாத்தி, இடுக்கில் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தார்கள். கடல்காற்று பட்டால் பெண்ணுக்கு இழுப்பு வரும் என்று கன்னியம்மாவே உட்கார்ந்து ஒவ்வொரு இடுக்காக அடைத்தாராம். கனமான கம்பளியும் வாங்கிக் கொடுத்திருந்தார். கடற்கரை வீடுகளில் இந்தத் தப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாடைக்காற்றுக்குப் பயந்து அடைப்பார்கள். அடைத்த அறையில் ஈரம் தங்கும். சுவரில் உப்புப் பூத்திருந்தது. கட்டில் அந்தச் சுவரை ஒட்டியே கிடந்தது.

கட்டில்மேல் மெத்தை. அப்படி ஒரு மெத்தையை நான் பணக்கார வீடுகளில்கூடப் பார்த்ததில்லை. கோடு போட்ட கெட்டித் துணி, நாலு ஓரமும் வரப்பு எடுத்துத் தைத்தது, உட்கார்ந்தால் ஆளை உள்வாங்கும். தூக்கி அடிப்பக்கம் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. மூலையில் கரும்புள்ளி விழுந்திருந்தது.

இது இந்த அறையை விட்டுப் போக வேண்டும் என்றேன். அதுவரை வாய் திறக்காத பவித்ரா மெத்தைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

கன்னியம்மா காபி போட அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அவள் சொன்னாள். அவர்கள் நிலத்தில் பம்புசெட் பக்கத்தில் ஓர் இலவமரம். அவள் பிறந்த வருஷத்திலிருந்து, ஒவ்வொரு மாசி பங்குனியிலும் காய் வெடிக்கிறபோது, அப்பா யாருக்கும் விற்காமல் பஞ்சைப் பொறுக்கி, விதையை அடித்து எடுத்து, மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவந்தார். கல்யாணத்துக்குத் தையற்காரரைக் களத்துமேட்டுக்கு வரவழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து தைக்க வைத்தார். சீர் ஏற்றிய டெம்போவில் பீரோவையும் கட்டிலையும் உள்ளே தள்ளிவிட்டு மெத்தையைத்தான் மேலே வைத்தார், ஊர் பார்க்கட்டும் என்று.

"எனக்கு ஆடியிலயே தெரிஞ்சிடுச்சு நர்சம்மா. பாயில படுத்தா ஒண்ணியும் இல்ல. இங்க அதுல சாஞ்சா ஆரம்பிச்சிடுது. எப்பிடிச் சொல்றது? இப்பவே நோவ மறச்சிக் குடுத்தாங்கன்னு பேசறாங்க. இதச் சொன்னா, நோவயே சீராக் குடுத்தாங்கன்னு பேசுவாங்க. எங்க அப்பா தாங்க மாட்டாரு."

அந்தப் பெண் தினமும் தெரிந்தே அதில் படுத்திருக்கிறாள். கன்னியம்மா காபியோடு வந்தபோது, இப்போதைக்குப் பாயில் படுக்கட்டும் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். சீர் வந்த மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு மருமகளைப் பாயில் போட்டால், கன்னியம்மா மருமகளைத் தரையில் படுக்க வைக்கிறாள் என்று தெரு முழுக்கப் பேசும் என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஒருத்தி அப்பன் மானத்துக்காகப் படுக்கிறாள், இன்னொருத்தி தன் மானத்துக்காகப் படுக்க வைக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் பவித்ராவின் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. காபியைக் குடிக்காமலே கிளம்பினேன்.

டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் ஏழுமலையை வரவழைத்தார். வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டுமாக ஒரு மெலிந்த மனிதர் வந்தார். டாக்டர் யாரையும் தன் மேசைக்கு எதிரில் உட்கார வைத்துத்தான் பேசுவார். நெஞ்சைப் பிளக்கும் செய்தியையும் நேராகச் சொல்வார். அன்று எழுந்து வெளியே போய், வராந்தா பெஞ்சில் ஏழுமலையின் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் மரத்தைப் பற்றிக் கேட்டார். எவ்வளவு உயரம், எத்தனை வருஷத்தில் காய்த்தது என்று கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. பிறகுதான் டாக்டர் சொன்னார்.

ஏழுமலை தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார்.

"இலவு காத்த கிளின்னு சிரிப்பாங்க. அது பழத்துக்குக் காத்துகினு இருந்து ஏமாந்துச்சு. நான் பஞ்சுக்குத்தாம்மா காத்துகினு இருந்தேன். நானும் ஏமாந்துட்டனா?"

டாக்டரின் குரல் இறங்கியதை அன்றுதான் கேட்டேன். பஞ்சு ஒரு தப்பும் செய்யவில்லை, கடலோர ஈரமும் அடைத்த ஜன்னலும் சேர்ந்து அதில் பூச்சியை வளர்த்துவிட்டன, உங்கள் ஊர் வெயிலில் இருந்த வரைக்கும் அது நன்றாகத்தான் இருந்தது என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஏழுமலை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அவரே டெம்போ கொண்டுவந்து மெத்தையை ஏற்றிப் போனார். நான் அன்று அங்கே இருந்தேன். கன்னியம்மா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பெண்ணைப் பெற்றவர் அல்லவா, வாசற்படியைப் பிடித்தபடியே நின்றார். லோகு வெளியே கொண்டுவந்து கொடுத்த மெத்தையை மூட்டை தூக்குவதுபோல் தூக்காமல் குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திப் போனார். தெருவுக்கு என்ன காரணம் சொல்வது என்ற கவலையை லோகு தீர்த்தான். டாக்டர் சொன்னது, நானும் பாயில்தான் படுக்கிறேன் என்று வேன் ஸ்டாண்டில் அவனே சொல்லிவிட்டான். அவன்மேல் எனக்கிருந்த கோபம் அதோடு போயிற்று.

ஜன்னல் அடைப்பைப் பிடுங்கினோம். கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்தி, பலகைமேல் புதுப் பாய் விரித்தோம். கம்பளி போனது. விரிப்புகளுக்கு வெந்நீர். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கார்த்திகை வாக்கில் பவித்ரா கிளினிக் மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறி வந்தாள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவது என்ற பேச்சே பிறகு எழவில்லை. அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த வருஷம் வளைகாப்பு முடிந்து அவளை அப்பா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். போன சில நாளில், விடிந்து கிளினிக்கைத் திறக்கிற நேரம், அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. பேச்சே புரியவில்லை. செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். டாக்டரும் நானும் ஓடினோம். நிறைமாத வயிற்றோடு, உட்கார்ந்தபடி, முன்னால் குனிந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கையில் இன்ஹேலரை விடாமல் பிடித்திருந்தாள். அது இல்லையென்றால் அங்கே வந்தே சேர்ந்திருக்க மாட்டாள். ஆக்சிஜன், புகை மருந்து, ஊசி என்று அந்த டாக்டர்கள் போராடினார்கள். இரண்டு உயிர். வயிற்றில் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியில் சத்தம் நடுவில் சற்றுத் தடுமாறியபோது நான் என் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

உச்சி வெயில் நேரத்தில் மூச்சு சீரானது. அதன் பிறகுதான் என்ன நடந்தது என்று அவள் அம்மா சொன்னார்.

ஏழுமலை மெத்தையை எறியவில்லை. கடலோர ஈரம்தான் கெடுதல் என்று டாக்டரே சொன்னாரே. அதனால் கோடை முழுவதும் அதைப் பிரித்து, பஞ்சை மொட்டை மாடியில் பரப்பி, வலை போட்டு மூடி வெயிலில் போட்டார். குச்சியால் அடித்தார். மறுபடி பரப்பினார். பழைய துணியை எறிந்துவிட்டுப் புதுத்துணியில் தைக்க வைத்தார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் பாயில் படுத்தால் இடுப்பு வலிக்குமே என்று, அவள் வந்த அன்று தன் கையாலேயே விரித்தார். பவித்ரா அதைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டாள்.

வெயிலில் பூச்சி செத்திருக்கும். ஆனால் அது விட்டுப்போன எச்சம் பஞ்சை விட்டுப் போகாது. அடிக்க அடிக்கப் பொடியாகி உள்ளேயே தங்கும். பூச்சி செத்தாலும் அந்தப் பஞ்சு அவளுக்கு ஆகாது என்பதை வராந்தா பெஞ்சில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆறுதலுக்குச் சொன்னதை அந்த மனிதர் மருந்தாக எடுத்துக்கொண்டார். மருத்துவமனை வாசலில் டாக்டர் என்னிடம், "பாதி சொல்லிட்டு விட்டுட்டேன் கஸ்தூரி" என்றார். அதன் பிறகு யாருக்கும் அவர் பாதி சொல்லி நான் கேட்கவில்லை.

ஏழுமலை வார்டுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றிருந்தார். யாரும் அவரிடம் பேசவில்லை. அந்த நேரத்தில்தான் லோகுவும் கன்னியம்மாவும் வந்து சேர்ந்தார்கள். கன்னியம்மா மருமகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். நடந்ததைச் சம்பந்தியம்மாள் தேம்பித் தேம்பிச் சொன்னார். நோவையே சீராகக் கொடுத்தார்கள் என்ற அந்த வார்த்தை இப்போது வரும் என்று காத்திருந்தேன். சொல்ல அவருக்கு முழு உரிமையும் இருந்தது.

கன்னியம்மா போய் ஏழுமலை பக்கத்தில் நின்றார்.

"சம்பந்தி, அவளுக்குக் குளிர் தாக்கக் கூடாதுன்னு நான் ஜன்னல அடச்சேன். இடுப்பு நோவக் கூடாதுன்னு நீங்க மெத்தய விரிச்சீங்க. இதுல யாரு யாரக் கேக்கறது?"

ஏழுமலை அப்போதுதான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உடம்பு குலுங்கியது. கன்னியம்மா நகராமல் அங்கேயே நின்றார்.

வீடு திரும்பியதும் அந்தப் பஞ்சைக் கொளுத்தப் போவதாக ஏழுமலை சொன்னார். புகையும் அவளுக்கு ஆகாது என்று டாக்டர் இந்த முறை முழுவதும் சொன்னார். இலவமரத்தடியிலேயே குழி வெட்டிப் புதைத்தாராம். அன்று சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

பவித்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். குழந்தையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்பும் நாளில், அவர்கள் வருவதற்கு முன் அறையைப் பார்த்துவிட்டு வரும்படி டாக்டர் என்னை அனுப்பினார். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. உப்புப் பூத்த சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசியிருந்தார்கள். தூளிக்கு வைத்திருந்த சேலை வெந்நீர் வாசனையோடு கொடியில் கிடந்தது. விரலை எங்கே வைத்தும் எனக்குக் குறை அகப்படவில்லை. "இன்னா நர்சம்மா, இன்னிக்காவது காபி குடிப்பியா?" என்று கன்னியம்மா கேட்டார். குடித்தேன்.

லோகுவின் வேன் வந்து நின்றது. தெருவே கூடிவிட்டது. பவித்ரா குழந்தையோடு இறங்கினாள். பின்னால் அவள் அம்மா சீர்த்தட்டோடு. கடைசியாக ஏழுமலை. தோளில் சுருட்டிய ஒரு கோரைப்பாய். அதைத் தவிர அவர் கையில் எதுவும் இல்லை. கேட்டைத் தாண்டாமல் நின்றுவிட்டார். எதிர்வீட்டு ஆள் ஒருவர், "இன்னா பெரியவரே, பேத்திக்கு சீரு பாயா?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஏழுமலையின் கை பாயை இறுக்கிப் பிடித்தது.

ஆரத்தி சுற்றிக்கொண்டிருந்த கன்னியம்மா தட்டைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயில் பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையையும் நீட்டிப் பாயை வாங்கினார். "எங்க வூட்டுக்கு சீரு வந்துகீது, வழி வுடு" என்று எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். கூடத்தின் நடுவில் அதைத் தன் கையாலேயே உதறி விரித்தார்.

"உக்காருங்க சம்பந்தி."

பெண்ணைக் கொடுத்த நாளாக அந்த வீட்டு வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். பவித்ரா குழந்தையை அவர் மடியில் வைத்தாள். பழக்கதோஷம், நான் குனிந்து பாயின் அடிப்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.